அணை எடுத்த பிறகு போர்ட்மேன் ஆற்றில் ட்ரவுட் பிடிப்பது

அணை இருந்த காலத்தில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் கிடைத்த இடங்களையே தேடிப் போனால் போர்ட்மேன் ஆற்றில் பொழுதுதான் வீணாகும். அணை தேக்கிய ஏரிக்குள் ஆறு விழுந்த வாய், அணைக்குக் கீழே நுரைத்துக் கிடந்த பள்ளம் என்று பழையவர்கள் அடையாளம் சொல்லும் இடங்கள் இன்று வெறும் ஓட்டமாகவோ புல்வெளியாகவோ மாறிவிட்டன. ஆற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எங்கே கால் வைக்கக் கூடாது, எந்த மாதம் எந்த ஃப்ளை (இறகும் மயிரும் கட்டிச் செய்த செயற்கைப் பூச்சி இரை) என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அணை எடுத்த மற்ற குளிர்நீர் ஆறுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கல்காஸ்கா பக்கத்துக் காடுகளில் தொடங்கி, டிராவர்ஸ் சிட்டி நகருக்குள் மிச்சிகன் ஏரியின் விரிகுடாவில் சேரும் ஆறு இது. இப்போது போர்ட்மேன்-ஆட்டவே என்று இரு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். வடக்குக் கிளையும் தெற்குக் கிளையும் ‘ஃபோர்க்ஸ்’ என்ற இடத்தில் கூடுகின்றன. அதற்குக் கீழே ப்ரௌன் பிரிட்ஜ், போர்ட்மேன், சேபின், யூனியன் தெரு என வரிசையாக நான்கு அணைகள் இருந்தன. மின்சாரம் எடுப்பது கட்டுப்படியாகாமல் போனதும், மேலே உள்ள மூன்றையும் எடுத்துவிட முடிவாயிற்று. 1921இல் கட்டிய ப்ரௌன் பிரிட்ஜ் 2012இலும், போர்ட்மேன் 2017இலும், சேபின் 2018இலும் போயின. நகருக்குள் இருக்கும் யூனியன் தெருவில் மட்டும் ஆற்றின் தடுப்பு தொடர்கிறது. அதற்குத் தனிக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதல் அணையை எடுக்கும்போது ஒரு விபத்து நடந்தது. 2012 அக்டோபர் 6ஆம் தேதி, தண்ணீரை மெல்ல வடிக்க வைத்திருந்த தற்காலிக அமைப்பு உடைந்து, ஏரி சில மணி நேரத்தில் காலியானது. கீழே ஆற்றோரம் இருந்த வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மீன் பிடிப்பவர்களுக்கும் இதில் கவனிக்க வேண்டிய செய்தி உண்டு. ஏரியை மெல்ல வடித்தால் வண்டல் பெருமளவு இருந்த இடத்திலேயே இறுகும். ஒரேயடியாக வடிந்தால் மணல் கீழே போய் சரளைக் கற்களை மூடிவிடும். சரளை மூடினால் பூச்சி இல்லை, பூச்சி இல்லையென்றால் மீனும் நிற்காது. எந்த ஆற்றிலும் அணை எடுத்த விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், கீழ்ப்பகுதியில் எத்தனை வருடம் பொறுக்க வேண்டும் என்று ஓரளவு கணிக்கலாம்.

ஏரி வடிந்ததும் ஆறு, தேங்கிக் கிடந்த வண்டலை முதலில் செங்குத்தாக அறுக்கும். அடுத்து பக்கவாட்டில் கரையைத் தின்று அகலமாகும். கடைசியில் மணலை அங்கங்கே மேடு கட்டி, வளைவும் கசமும் (ஆழமான குழியும்) உள்ள ஆறாக நிலைகொள்ளும். போர்ட்மேனில் பழைய தடத்துக்கே ஆற்றைத் திருப்பி, கரையோரம் மரக்கட்டைகளையும் பதித்திருப்பதால் இது சற்று வேகமாக நடந்தது. இருந்தாலும் ஒரே ஆற்றில், அரை மைல் இடைவெளியில், வெவ்வேறு கட்டங்களைப் பார்க்கலாம். கரை செங்குத்தாக நின்று, அதில் புதிய மண் கறுப்பும் சாம்பலுமாக அடுக்கடுக்காகத் தெரிந்தால் அறுப்பு இன்னும் ஓயவில்லை. கரையோரம் புல் வேர்விட்டு, தண்ணீரோடு ஒட்டிச் சரிந்திருந்தால் அந்த இடம் அடங்கிவிட்டது. ட்ரவுட்டுக்கு அடங்கிய இடம்தான் வேண்டும். அறுப்பு நடக்கும் இடத்தில் தண்ணீர் ஆழமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அங்கே அடிமட்டம் வாராவாரம் மாறும், மீன் தங்காது.

ஏரி கிடந்த நீட்டில் மீன் நிற்கும் இடம் என்று முதலில் பார்க்க வேண்டியது மரம். பதித்த கட்டை, தானாக விழுந்த மரம், ஏரிக்கு முன்பே வெட்டப்பட்டு நீருக்கடியில் அழுகாமல் கிடந்த பழைய அடிமரக் குற்றி, எதுவானாலும் சரி. வெயில் மறைக்க இந்த நீட்டில் இன்னும் பெரிய மரங்கள் இல்லை. ஆகவே நிழலும் மறைவும் இந்தக் கட்டைகளுக்கு அடியில்தான். நல்ல கட்டை எது என்று பார்க்க ஒரு வழி: கட்டையின் மேல்முனையில் தண்ணீர் மோதி அடியைத் தோண்டியிருக்க வேண்டும், கீழ்முனைக்குப் பின்னால் சுழலாமல் மெதுவாக ஓட வேண்டும். தோண்டாத கட்டை என்றால் அடியில் மணல் நிரம்பியிருக்கும். அதற்குள் கோலை விட்டுப் பார்த்தால் முழங்கால் ஆழம்கூட இருக்காது. அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது, மணல் முடிந்து சரளை தொடங்கும் இடம். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்போது, போலராய்டு கண்ணாடி போட்டுப் பார்த்தால் அடிமட்டத்தின் நிறம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறுவது தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து கீழே பத்துப் பதினைந்து அடிக்குள் மீன் வரிசையாக நிற்கும். சரளையில் ஒட்டி வாழும் மேஃப்ளை, கேடிஸ் என்னும் நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் அங்கிருந்துதான் அடித்துவரப்படுகின்றன. ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் தட்டையான, மூன்று வால் உள்ள சிறு பூச்சிகள் விரல் அகலத்துக்கு இரண்டு மூன்று ஓடினால் அந்த இடம் உயிர் பிடித்துவிட்டது என்று பொருள். கல் வழவழவென்று வெறுமையாக இருந்தால், மேலிருந்து மணல் இன்னும் உருண்டு வந்து அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வளைவுக்குப் போய்விடலாம்.

மணல் நகர்வதைப் பற்றி இன்னொன்று. நுண்ணிய வண்டல் முதல் சில வெள்ளங்களிலேயே போய்விடும். பருமணல் அப்படியல்ல. அது அடியோடு அடியாக உருண்டு, ஒரு கசத்தை நிரப்பி, அடுத்த ஆண்டு அதைவிட்டு அடுத்த கசத்துக்குப் போகும். சென்ற வருடம் இடுப்பளவு ஆழமிருந்த இடம் இந்த வருடம் கணுக்கால் அளவாகிவிட்டது என்று மனம் தளர வேண்டியதில்லை. அது திரும்பத் தோண்டப்படும். ஒவ்வொரு வசந்தத்திலும், மீன் பிடிக்கும் காலம் தொடங்கும் முன் ஒருமுறை தூண்டில் இல்லாமல் கரையோடு நடந்து, கசங்களைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் இந்த ஆற்றில் அதிகப் பலன் தரும் வேலை.

இனி கால் வைப்பது. ஏரி அடியில் கிடந்த வண்டலுக்கு மேலே பாலாடை போல ஒரு தோல் காய்ந்திருக்கும், அடியில் கூழ். புல் முளைத்திருப்பதை வைத்து உறுதி என்று நம்ப முடியாது. வண்டலில் புல் மிக விரைவில் முளைக்கும். நடக்கும்போது கையில் கோல் வேண்டும். அடி வைக்குமுன் கோலை ஊன்றி உடல் எடையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அந்த வழி வேண்டாம். ஆற்றுக்குள் நடப்பதைவிட இந்த ஓரச் சேறுதான் ஆபத்து. கால் புதைந்துவிட்டால் நேராக மேலே இழுக்கக் கூடாது. இழுத்தால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், மற்றக் காலும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து எடையைப் பரப்பி, குதிகாலை இடமும் வலமும் ஆட்டி, காலைச் சுற்றித் தண்ணீர் புகவிட்டு, மெல்ல உருவ வேண்டும். தனியாகப் போகாமல் இருப்பது நல்லது.

செங்குத்தாக நிற்கும் வண்டல் கரையின் விளிம்பில் நின்று தூண்டில் வீசக் கூடாது. அடியில் தண்ணீர் குடைந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். நீருக்குள் இறங்கும்போது மார்பளவு வேடர்ஸ் (நீர் புகாத கால்சட்டை) போட்டிருந்தால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையாமல் காப்பது அந்தப் பட்டைதான். கரையில் பதித்த கட்டைகளுக்கு மேற்புறம் ஓட்டத்தில் இறங்குவதும் கூடாது. கால் வழுக்கினால் ஆளைக் கட்டைக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எப்போதும் கட்டைக்குக் கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மீனும் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால், பின்னாலிருந்து வருபவரை அது பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே வழி.

நீர் வெப்பமானி இல்லாமல் இந்த ஆற்றுக்குப் போகக் கூடாது என்பேன். வெயிலில் விரிந்து கிடந்த ஏரியில் மேல்தண்ணீர் சூடாகி அணை வழியே கீழே போய்க்கொண்டிருந்ததுதான் ட்ரவுட்டுக்கு இருந்த பெரிய கேடு. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மலைக்கு மேலேயே நின்றுபோனதும் இதே காரணத்தால்தான்: குளிர்ந்த, ஓடும் நீர் இல்லாமல் அது வாழாது. அணை போனதும் போர்ட்மேனின் நிலத்தடி ஊற்று நீர் சூடாகாமல் கீழே வருகிறது. ஆனால் ஏரி கிடந்த நீட்டில் நட்ட செடிகள் வளர்ந்து ஆற்றின் குறுக்கே நிழல் விழும்வரை, ஜூலை மாதப் பிற்பகலில் அங்கே வெப்பம் ஏறத்தான் செய்யும். ஒரு நாளில் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: பழைய ஏரிக்கு மேலே, நடுவில், கீழே. ஒரு முழம் ஆழத்தில், ஓடும் நீரில், வெயில் நேரடியாகப் படாமல் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். 12 முதல் 17 டிகிரி செல்சியஸ் என்றால் மீன் நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரி, அதாவது ஊர்க்காரர்கள் சொல்லும் 68 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். அந்தச் சூட்டில் போராடிய மீனைத் திரும்ப விட்டாலும் பிறகு செத்துப்போகும். நடுவில் மட்டும் திடீரென ஒரு டிகிரி குறைந்தால் அங்கே கரையடியில் ஊற்று இருக்கிறது. அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். ஆகஸ்டில் மீன் அங்கேதான் கூடும்.

கருவிகளில் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. எட்டரை அடி, 4 அல்லது 5 எடை நரம்புக்கான ஃப்ளை ராடு, நரம்பின் முனையில் 9 அடி லீடர் என்னும் மெல்லிய இழை, அதன் நுனியில் 5X டிப்பெட் என்னும் இன்னும் மெல்லிய இழை (X எண் கூடினால் இழை மெல்லியது). பகலில் ஒன்றும் மேலே வராதபோது இரண்டு நிம்ஃப் (பூச்சிப் புழுவைப் போல நீருக்குள் மூழ்கும் ஃப்ளை) கட்டுவது நல்லது: மேலே 14 அளவு (முள்ளின் எண், எண் கூடினால் முள் சிறியது) ஹேர்ஸ் இயர், அதன் முள் வளைவிலிருந்து ஒன்றரைச் சாண் டிப்பெட், கீழே 16 அளவு ஃபெசன்ட் டெயில். தக்கையை ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும். பழைய ஏரி நீட்டில் ஒரு திருத்தம்: மணல் அடியில் ஈயம் அதிகமானால் நிம்ஃப் இழுபட்டு நின்றுவிடும், மீன் தொடாது. ஈயத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டால் ஓட்டத்தோடு சேர்ந்து போகும். கட்டைக்கு அடியில் இருக்கும் பெரிய ப்ரௌன் ட்ரவுட்டுக்கு 6 அளவு ஸ்கல்பின் ஸ்ட்ரீமரை (சிறு மீனைப் போலக் கட்டிய ஃப்ளை) கட்டைக்கு இரண்டடி மேலே போட்டு, மூன்று எண்ணும்வரை மூழ்கவிட்டு, கட்டையை ஒட்டி இழுக்க வேண்டும். மழை பெய்து நீர் லேசாகக் கலங்கிய நாள்தான் இதற்கு ஏற்றது.

மேலே மிதக்கும் ஃப்ளையில் எது என்று தெரியாவிட்டால் ஆடம்ஸ் கட்டுங்கள். இது இந்த ஆற்றுக்கே சொந்தமான ஃப்ளை. 1922இல் பக்கத்து மேஃபீல்டு ஊரில் லென் ஹாலடே கட்டி, ஒஹாயோவிலிருந்து வந்த வழக்கறிஞர் சார்லஸ் ஆடம்ஸிடம் கொடுத்தார். அவர் போர்ட்மேனில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து புகழ்ந்ததால் அவர் பெயரே நிலைத்தது. சாம்பல் நிற மயிர் உடல், பழுப்பும் வரியும் கலந்த சேவல் இறகு, எந்தப் பூச்சிக்கும் கொஞ்சம் ஒத்துப்போகும். 14 அளவு ஏப்ரல் கடைசி முதல் மே நடுவரை ஹெண்ட்ரிக்சன் மேஃப்ளை வரும் பிற்பகல்களுக்கு. 16, 18 அளவு மற்ற நாட்களுக்கு.

அணை போன பிறகு கவனிக்க வேண்டியது ஹெக்ஸ் மேஃப்ளை. இதன் குஞ்சுகள் சரளையில் வாழ்வதில்லை, மென்மையான சேற்றில் வளை தோண்டி ஓரிரு வருடம் கிடக்கும். எனவே ஏரி விட்டுப்போன வண்டல் ஆற்றோரம் எங்கே தங்கி, தண்ணீர் எப்போதும் மூடியிருக்கிறதோ அங்கெல்லாம் ஹெக்ஸ் வர வாய்ப்பு உண்டு. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் இங்கே சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகும். ஹெக்ஸ் வருவது பத்து மணிக்கு மேல். வெளிச்சம் இருக்கும்போதே போய், நிற்கும் இடத்தையும் எதிரே உள்ள கட்டைகளையும் மனதில் பதித்துக்கொண்டு, எத்தனை கைவீச்சு நரம்பு வேண்டும் என்று அளந்து வைக்க வேண்டும். லீடரை 7 அடிக்குக் குறைத்து 2X போடுங்கள். 6 அளவு ஹெக்ஸ் ஃப்ளையை மெல்லிய டிப்பெட்டில் கட்டினால் முறுக்கிவிடும். இருட்டில் மீன் இரை எடுப்பது காதில்தான் கேட்கும். கேட்ட இடத்துக்கு மூன்றடி மேலே போட்டு, அது வந்து சேரும் நேரத்துக்கு அடுத்த சத்தம் கேட்டால் தூண்டிலைத் தூக்கலாம். தலைவிளக்கை ஆற்றின் மேல் காட்டக் கூடாது, முடிச்சுப் போட வேண்டுமானால் ஆற்றுக்கு முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் பெரும்பாலான ட்ரவுட் ஓடைகளில் காலம் முடிகிறது; ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மீண்டும் தொடங்கும். ஆற்றின் ஒவ்வொரு நீட்டும் எந்த வகை என்பதையும் எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் மாநில மீன்பிடி விதிக் கையேட்டில் அந்த ஆண்டுக்குப் பார்த்துக்கொள்ளவும். 17 வயது ஆனவர்கள் உரிமம் எடுக்க வேண்டும். நீருக்குள்ளேயே நடந்தால் தொந்தரவு இல்லை. கரையேறினால் அது தனியார் நிலமாக இருக்கலாம்.

இலையுதிர் காலத்தில் ப்ரூக், ப்ரௌன் என்னும் இரு வகை ட்ரவுட்டும் முட்டையிடும். சரளையில் சுற்றிலும் கறுத்திருக்க, நடுவில் மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்த வட்டம் தெரிந்தால் அது முட்டைக்குழி. முட்டையும் குஞ்சும் வசந்தம்வரை அந்தக் கல்லிடுக்கில்தான் இருக்கும். ஏரி கிடந்த நீட்டில் புதிதாக வெளிப்பட்ட சரளை குறைவு, ஆகவே ஒரு குழியை மிதிப்பது பெரிய இழப்பு. ஏப்ரலில் முதல் நாள் ஆற்றில் இறங்கும்போதும் வெளுத்த கல் பக்கம் போகாமல் மணல் ஓரமாகவே நடங்கள்.

யூனியன் தெருவில் தடுப்பு ஏன் தொடர்கிறது என்பதற்கு வருகிறேன். பேரேரிகளில் பரவிவிட்ட கடல் லாம்ப்ரே, பற்கள் நிறைந்த வட்ட வாயால் மற்ற மீன்களில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உயிர். ஒரு லாம்ப்ரே வாழ்நாளில் 18 கிலோ வரை மீனைக் கொல்லும். அதன் குஞ்சுகள் சில ஆண்டுகள் ஆற்றின் மென்சேற்றில் புதைந்து வளர்கின்றன. அணை எடுத்த ஆற்றில் அந்தச் சேறு தாராளம். தடுப்பையும் எடுத்துவிட்டால் மேலே உள்ள ஆறு முழுவதும் லாம்ப்ரே பண்ணையாகிவிடும். அதனால்தான் அங்கே பழைய அணைக்குப் பதிலாக, வேண்டிய மீனை மட்டும் பிரித்து மேலே விடும் ‘ஃபிஷ்பாஸ்’ என்ற அமைப்பைக் கட்டும் வேலை 2024இல் தொடங்கியது. பேரேரியிலிருந்து ஆறேறும் பெரிய மீன்களான ஸ்டீல்ஹெட்டும் சால்மனும் மேலே வர வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேல் கிளைகளில் உள்ள ப்ரூக் ட்ரவுட் சிறியது, அதே சரளையில்தான் அதுவும் முட்டையிட வேண்டும். பெரிய மீன்கள் கூட்டமாக வந்து தோண்டினால் முதலில் நலிவது அதுதான்.

இன்னொரு மீனைக் கண்டுகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். மரம் வெட்டிய காலத்துக்கு முன்பு இந்த ஆறுகளில் இருந்தது ட்ரவுட் அல்ல, கிரேலிங். மிச்சிகனில் முற்றாக அழிந்துபோன அதை மீட்க, 2025இல் மிச்சிகனின் சில ஆறுகளுக்கு முட்டைகள் கொண்டுவரப்பட்டன, போர்ட்மேனும் அவற்றில் ஒன்று. முதுகுத் துடுப்பு பாய்மரம் போல உயர்ந்து நீண்டிருந்தால், வாய் சிறியதாக இருந்தால், செதில் பெரியதாகத் தெரிந்தால் அது கிரேலிங். தண்ணீருக்கு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் இது ஒரு நொடி வேலை. ப்ரூக் ட்ரவுட்டைக் கீழ்த்துடுப்புகளின் வெள்ளை விளிம்பையும் முதுகின் புழு ஊர்ந்தது போன்ற கோடுகளையும் வைத்து அறியலாம். ப்ரௌனுக்கு அந்த வெள்ளை விளிம்பு அவ்வளவு எடுப்பாக இராது. மஞ்சள் பழுப்பு உடலில் கறுப்பும் சிவப்புமான புள்ளிகள்.

இந்த ஆற்றில் நியூசிலாந்துச் சேற்று நத்தையும், டிடிமோ என்னும் கற்பாசியும் வந்துவிட்டன. நத்தை ஓர் அரிசிமணியைவிடச் சிறியது, செருப்பின் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். கம்பளி அடி வைத்த பூட்ஸ் வேண்டாம், அது காய்வதே இல்லை. ஆற்றைவிட்டு ஏறியதும் வண்டி நிறுத்திய இடத்திலேயே தூரிகையால் சேற்றைத் தேய்த்து எடுங்கள். வீட்டில் 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள், அல்லது ஒரு இரவு முழுக்க உறைபெட்டியில் வையுங்கள். பிறகு ஐந்து நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஒரே வாரத்தில் வேறு ஆற்றுக்கும் போகிறவர்கள் இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்துக்கொள்வதே வசதி.